பூமியின் உட்கரு வேலூரில் கேட்குமா? ராஸ்ப்பெர்ரி ஷேக் ஆர்எஸ்1டி நிலநடுக்கமானி: ஒரு மதிப்பீடு

பூமியின் உட்கரு சுழற்சியில் பின்தங்கிவிட்டது, திரும்பிப் போகிறது என்று 2023லும் 2024லும் செய்திகள் வந்தன. படித்த மாணவர்கள் கேட்கக்கூடிய முதல் கேள்வி, ஐயாயிரம் கிலோமீட்டருக்குக் கீழே இருப்பதை யார் போய்ப் பார்த்தார்கள் என்பதுதான். பார்த்தது நிலநடுக்க அலை. அந்த அலையை நம் ஊர்த் தரையிலேயே பிடித்துக் காட்ட முடியுமா, அதற்கு எந்தக் கருவியை வாங்கலாம் என்று யோசிக்கும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்காக இந்த மதிப்பீடு.

எடுத்துக்கொண்ட கருவி ராஸ்ப்பெர்ரி ஷேக் ஆர்எஸ்1டி. பனாமா நாட்டுக் குழு ஒன்று 2016ல் கொண்டுவந்தது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உட்கருவை ஊடுருவி வரும் அலையை இது பிடிக்கும், சரியான இடத்தில் வைத்தால். உட்கருவின் சுழற்சியை இது தனியாக அளந்து சொல்லாது. ஏன் சொல்லாது என்பதற்குப் பலர் கருவியின் கடிகாரத்தைக் காரணம் காட்டுகிறார்கள். அது தவறு. உண்மைக் காரணம் வேறு, அதுதான் இந்தக் கருவி கற்றுத்தரும் பெரிய பாடம்.

பெட்டிக்குள் இருப்பவை நான்கு. செங்குத்து அசைவை மட்டும் உணரும் ஒரு ஜியோபோன், அதன் மின்னழுத்தத்தை 24 பிட் எண்ணாக மாற்றும் பலகை, ராஸ்ப்பெர்ரி பை சிறுகணினி, மென்பொருள் ஏற்றிய எஸ்டி கார்டு. ஜியோபோன் என்பது சுருள்வில்லில் தொங்கும் கம்பிச்சுருளும் காந்தமும். தரை அசைந்தால் காந்தம் தரையோடு போகும், சுருள் பின்தங்கும், அசைவின் வேகத்துக்கு ஏற்ற மின்னழுத்தம் பிறக்கும். இதன் இயல்பு அதிர்வெண் 4.5 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உணர்திறன் சரியும். பலகையிலுள்ள மின்சுற்று அந்தச் சரிவை ஈடுகட்டி, ஏறக்குறைய அரை ஹெர்ட்ஸ் வரை பயன்படும்படி நீட்டுகிறது. நொடிக்கு 100 அளவீடு என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் எண்கள் சேரும்.

மூன்று ஜியோபோன் உள்ள ஆர்எஸ்3டி மாடலும் உண்டு. உட்கருவுக்காக வாங்குபவருக்கு அது தேவையில்லை. உட்கருவைக் கடந்து வரும் அலை நம் காலடியில் ஏறக்குறைய நேர் செங்குத்தாக மேலெழுகிறது, சாய்வு ஆறு டிகிரிக்குள்தான். தரையை அது மேலும் கீழுமாகத்தான் அசைக்கும். ஒரு செங்குத்து ஜியோபோன் போதும். அருகிலுள்ள சிறு நடுக்கங்களைப் படிக்க வேண்டும், 2021 இறுதியில் பேர்ணாம்பட்டுப் பக்கம் உணரப்பட்டவை போல, என்றால் மட்டும் மூன்று திசை கருவிக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமுண்டு. அங்கே முதல் அலைக்குப் பின்னால் வரும் இரண்டாம் நிலை (எஸ்) அலையின் கிடை அசைவு வேண்டும்.

இனி பிடிக்கப்போகும் பொருளைப் பற்றி. மேலோட்டுக்கும் கருவுக்கும் இடையிலுள்ள பாறை அடுக்குதான் கவசம். அதன் அடி சுமார் 2,890 கி.மீ. ஆழத்தில். அதற்குக் கீழே திரவ இரும்பாலான வெளிக்கரு. 5,150 கி.மீ. ஆழத்தில் திட உட்கரு தொடங்குகிறது. அதன் ஆரம் 1,220 கி.மீ. பூமிக்குக் கரு என்று ஒன்று உண்டு என்பதை 1906ல் நில அதிர்வுப் பதிவுகளைக் கொண்டு காட்டியவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர், 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். கருவுக்குள் இன்னொரு கரு உண்டு என்று 1936ல் சொன்னவர் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann). 1929ல் நியூசிலாந்தில் நடந்த நிலநடுக்கத்தின் அலைகள், வரக்கூடாத நிழல் பகுதியில் மெலிதாக வந்திருப்பதைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தார். அவர் வைத்திருந்ததும் சுருளும் காந்தமும் காகிதப் பதிவும்தான் என்பதை நினைத்தால், இந்தப் பெட்டியின் தகுதி புரியும்.

அலையின் பெயர் பி.கே.ஐ.கே.பி. (PKIKP). கவசத்தில் பி, வெளிக்கருவில் கே, உட்கருவில் ஐ, மறுபடி கே, மறுபடி பி. உட்கருவுக்குள் போகாமல் வெளிக்கருவோடு திரும்புபவை பி.கே.பி. கிளைகள். அவற்றில் பி.சி. (BC) கிளை, ஏ.பி. (AB) கிளை என்று இரண்டு. ஆய்வாளர்கள் உட்கருவைக் கடப்பதை டி.எஃப். (DF) என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இவைதான்.

வேலூருக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. நம் ஊருக்கு நேர் எதிர்ப்புள்ளி பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடலில் விழுகிறது. அதனால் உலகிலேயே பெரிய நடுக்கங்கள் அடிக்கடி வரும் சிலி, பெரு கடற்கரை நமக்கு 145 முதல் 154 டிகிரி தூரத்தில் (பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணம்; நேர் எதிர்ப்புள்ளி என்றால் 180) அமைகிறது. டி.எஃப்., பி.சி. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவில் தெரியும் தூரமே அதுதான். 2010 மாவுலே நடுக்கம் 146 டிகிரி, 2015 இயாப்பெல் 147, 2014 இகிகே 150, 2019 வட பெரு 154. சென்னை, பெங்களூரு ஊர்களுக்கும் இதே தூரம்தான். ஆனால் அவற்றின் நெரிசல் இல்லாத பாறைத் தரை நமக்கு எளிதில் கிடைக்கிறது.

அந்தத் தரையைத் தேர்ந்தெடுப்பதில்தான் வாங்கிய காசுக்குப் பலன் இருக்கிறது. பாலாற்றங்கரையில் வைக்காதீர்கள். வேலூரிலும் ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் ஆற்றை ஒட்டிய மணல் தரை, சாலை அதிர்வை வாங்கிப் பெருக்கும். காட்பாடி மலையடிவாரம், சத்துவாச்சாரி மலைப் பக்கம், பாகாயம் போன்ற இடங்களில் பாறை மேலேயே தலைகாட்டுகிறது. அங்கே தரைத்தளத்தில், பாறைமேல் நேரடியாகப் போட்ட சிமென்ட் தளம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் வேறில்லை. டைல்ஸ் ஒட்டிய தரையானால் விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்டால் அந்த டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சிமென்ட் மேலேயே வையுங்கள். மேசை, அலமாரி, பலகை எதுவும் கூடாது. கருவியின் திருகுக் கால்களைச் சரிசெய்து, மட்டக் குமிழி நடுவட்டத்தில் நிற்கும்படி வைத்தபின், மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். மின்விசிறிக் காற்று பட்டால் பதிவில் தெரியும்.

எந்த இரைச்சல் கெடுக்கும், எது கெடுக்காது என்பதில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கருவியின் அதிர்வெண் படத்தைத் திறந்தால் 24 ஹெர்ட்ஸ் பக்கம் பளிச்சென்று ஒரு கோடு ஓடும். அது நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் தண்ணீர் மோட்டார். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நமக்கு அதனால் நஷ்டமில்லை. உட்கரு அலை ஒரு ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. வடிகட்டினால் மோட்டார் கோடு போய்விடும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை லாரிகளின் அதிர்வும் பெரும்பாலும் இரண்டு ஹெர்ட்ஸுக்கு மேல்தான். உண்மையில் கெடுப்பவை சத்தமே போடாதவை: காற்றில் மெல்ல ஆடும் புளியமரம், தூண்களின்மேல் நிற்கும் குடிநீர்த் தொட்டி, உயரமான கட்டடத்தின் அசைவு. பத்து மாடிக் கட்டடத்தின் இயல்பு ஆட்டம் ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒருமுறை. நமக்கு வேண்டிய அலையும் அதே இடத்தில். இதை எந்த வடிகட்டியும் பிரித்துத் தராது. அதனால்தான் "மூன்றாம் மாடி ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளலாமே" என்ற யோசனைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. பெரிய மரத்திலிருந்தும் மேல்நிலைத் தொட்டியிலிருந்தும் முடிந்தவரை விலகுங்கள், மோட்டாரிலிருந்து விலகுவதைவிட இது முக்கியம்.

வங்கக் கடல் அலைகள் கொண்டுவரும் நுண்ணதிர்வு 0.1 முதல் 0.3 ஹெர்ட்ஸ் வரை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் நேரத்தில் ஏறும். இந்தக் கருவி அந்தப் பகுதியை ஏற்கெனவே குறைத்துத்தான் கேட்கிறது என்பதால் பெரிய தொல்லை இல்லை. இதே காரணத்தால் பெரு நடுக்கங்களின் 20 நொடி மேற்பரப்பு அலைகள் இதில் சரியாக வராது. அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

மின்சாரமும் நேரமும். கருவி 5 வோல்ட்டில் மூன்று நான்கு வாட் இழுக்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, மின்னழுத்தம் குறைக்கும் நல்ல மாற்றி ஒன்று இருந்தால் பாதி நாள் தாங்கும். இதைச் செலவு என்று தள்ளிப்போடாதீர்கள். திடீரென மின்சாரம் போகும்போது எஸ்டி கார்டின் கோப்பு அமைப்பு சிதைவதுதான் இந்தக் கருவிகள் நின்றுபோவதற்கு முதல் காரணம். உதிரியாக இன்னொரு கார்டில் மென்பொருளை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலுக்குத் தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறைகள் ஆகாது. 40 டிகிரி தாண்டும் நாளில் மூடிய அறைக்குள் சிறுகணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சிறுகணினிக்குத் தனிக் கடிகாரம் கிடையாது. இணையம் வழியாக நேரம் பெறுகிறது. இணையம் இருக்கும்வரை பிழை சில பத்து மில்லி நொடிக்குள் இருக்கும். மின்சாரமும் இணையமும் சேர்ந்து போய், மின்சாரம் மட்டும் திரும்பினால் பதிவின் நேரம் முழுக்கத் தப்பாகிவிடும். யுஎஸ்பியில் செருகும் ஜிபிஎஸ் ஏற்பி ஒன்று இதைத் தீர்க்கும். வைஃபையைவிட ஈத்தர்நெட் கம்பி நல்லது. உள்ளூர் வலையில் உலாவி வழியே கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், எந்தத் தளம் என்பவற்றைப் பதிந்துவிட வேண்டும். தரவை உலக வலையத்துக்கு அனுப்பச் சம்மதம் கொடுத்தால் கருவிக்கு ஒரு நிலையக் குறியீடு கிடைக்கும். கொடுக்கச் சொல்வோம். உங்கள் கார்டு செத்தாலும் தரவு வெளியே இருக்கும்.

இப்போது அலையைப் பிடிப்பது. சிலியிலோ பெருவிலோ அளவு 6.5க்கு மேல் ஒரு நடுக்கம் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பக்கத்தில் வந்தால் வேலை தொடங்கும். அங்கே நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். கருவியின் கோப்பும் அதே நேரத்தில்தான் என்பதால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மையப்புள்ளி, ஆழம் இரண்டையும் குறித்துக்கொண்டு, ஆப்ஸ்பை மென்பொருள் தொகுப்பிலுள்ள பயண நேரக் கணக்கீட்டில் இட்டால் ஒவ்வொரு அலையும் எப்போது வர வேண்டும் என்று சொல்லும். 147 டிகிரிக்கு, ஆழம் குறைந்த நடுக்கமானால், பி.கே.ஐ.கே.பி. வருவது சுமார் 19 நிமிடம் 40 நொடியில். அதற்கு முன்னால் இந்தக் கருவியில் தெரியும்படி ஒன்றும் வராது. கருவைத் தொடாமல் கவசத்தின் வழியாகவே வரும் நேர் பி அலை 104 டிகிரிக்கு அப்பால் கருவின் நிழலில் மறைந்துவிடுகிறது. பிறகு 23 நிமிடத்தை ஒட்டி, நடுவழியில் தரையைத் தொட்டுத் திரும்பிய பி.பி. அலை வரும்.

பதிவைப் பார்க்க ஸ்வார்ம் என்ற இலவச மென்பொருள் போதும். 0.7 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை கடத்தும் வடிகட்டியைப் போட்டு, கணித்த நேரத்துக்கு முன்பின் அரை நிமிடத்தை விரித்துப் பாருங்கள். பகல் பத்து மணிக்கு அளவு 6.5 தெரியாமல் போகலாம். இரவு இரண்டு மணிக்கு அதே அளவு தெளிவாக நிற்கும். அளவு 7ஐத் தாண்டினால் பகலிலும் நம்பலாம்.

இங்கே மூன்று பொறிகள். முதலாவது, பெரிய துடிப்பைக் கண்டதும் இதுதான் உட்கரு என்று குறி வைப்பது. உட்கரு தன்னைக் கடக்கும் அலையின் வலுவை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே முதலில் வரும் டி.எஃப். மெலிந்தது, பின்னால் வரும் பி.சி. தடித்தது. தடித்ததற்கு முன்னால் இருக்கும் மெலிந்ததைத் தேடுங்கள். 147 டிகிரியில் இடைவெளி இரண்டு நொடியை ஒட்டி இருக்கும். 152, 153ல் ஐந்தாறு நொடியாக விரியும். அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் பி.சி. கிளையே முடிந்துவிடும்.

இரண்டாவது, ஆழம். நடுக்க மையத்திலிருந்து மேலே போய்த் தரையில் பட்டுத் திரும்பிய அலை பின்தொடரும். ஆழம் 33 கி.மீ. என்றால் சுமார் 10 நொடி கழித்து. இதை ஏ.பி. கிளை என்று எண்ணிக் குறித்துவிடுவது வழக்கமான பிழை.

மூன்றாவது, பெரியதே நல்லது என்ற எண்ணம். அளவு 8 நடுக்கத்தில் பிளவு முறிந்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆகும். டி.எஃப்., பி.சி. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழைந்துவிடும். மாணவருக்குக் காட்டச் சிறந்தவை அர்ஜென்டினாவின் ஹுஹுய் பக்கம் சுமார் 200 கி.மீ. ஆழத்தில் வரும் நடுத்தர நடுக்கங்கள். துடிப்பு கூர்மை, தரையில் பட்டுத் திரும்பும் அலை வெகுநேரம் கழித்து வரும். நமக்கு 146 டிகிரி என்பதால் கிளைகள் குவியும் தூரம், வலுவும் கூடும். ஆனால் அங்கே கிளைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்துப் பார்க்க வட சிலி, தென் பெரு நடுக்கங்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

சரி, சுழற்சி. 1996ல் சியாதோங் சாங், பால் ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தென் அட்லாண்டிக்கிலுள்ள தெற்கு சாண்ட்விச் தீவுகளின் நடுக்கங்களை அலாஸ்காவின் காலேஜ் நிலையத்தில் பதிந்த பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பி.சி.க்கும் டி.எஃப்.க்கும் இடையிலான இடைவெளி மூன்று பத்தாண்டுகளில் சுமார் 0.3 நொடி கூடியிருந்தது. உட்கருவுக்குள் வடக்கு–தெற்காகப் போகும் அலை, குறுக்கே போவதைவிட மூன்று விழுக்காட்டளவு விரைவு. உட்கரு திரும்பினால் அதே பாதையில் வேறு பகுதி வந்து நிற்கும், நேரம் மாறும். அந்தக் கணக்கில் உட்கரு ஆண்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல் பூமியை முந்துகிறது என்றார்கள்.

கடிகாரம் ஏன் பிரச்சினை இல்லை என்பது இங்கே புரியும். பி.சி.யும் டி.எஃப்.பும் ஒரே பதிவில் சில நொடி இடைவெளியில் வருகின்றன. கடிகாரம் அரை நொடி தப்பாக இருந்தாலும் இரண்டுக்கும் அதே தப்பு, கழிக்கும்போது போய்விடும். அந்த இரண்டு அலைகளும் கவசத்தில் ஏறக்குறைய ஒட்டியே பயணம் செய்வதால் வழியிலுள்ள மற்ற கோளாறுகளும் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆக, இந்தச் சிறு கருவியாலும் அந்த இடைவெளியை அளக்க முடியும். தடை மூன்று இடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு நூறில் ஒரு பங்கு நொடி மாற்றத்தைக் காணப் பத்து இருபது ஆண்டுகள் பதிவு வேண்டும். நடுக்கம் அதே இடத்தில், அதே விதமாக மறுபடி வர வேண்டும். இப்படிப்பட்ட இரட்டை நடுக்கங்கள் இல்லாமல் ஒப்பிட்டால், மையப்புள்ளி சில கிலோமீட்டர் தள்ளியிருப்பதையே உட்கருவின் அசைவு என்று எண்ணிவிடுவோம். 1996 முடிவின்மேல் எழுந்த ஐயங்கள் இப்படிப்பட்டவைதான். 2005ல் இரட்டை நடுக்கங்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு, வேகத்தை ஆண்டுக்கு 0.3 முதல் 0.5 டிகிரி என்று குறைத்தது.

மூன்றாவது தடை நம் இருப்பிடம். இரட்டை நடுக்கங்களுக்குப் பேர்போன தெற்கு சாண்ட்விச் தீவுகள் வேலூரிலிருந்து 110 டிகிரி. அங்கிருந்து உட்கருவை ஊடுருவும் அலை நமக்கு வராது, அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பலவீனமான அலைதான். சிலி–வேலூர் பாதையோ பூமியின் அச்சுக்கு ஏறக்குறைய 70 டிகிரி சாய்ந்து, குறுக்காகப் போகிறது. வடக்கு–தெற்கு விரைவு வேறுபாடு நன்றாகத் தெரிவது அச்சை ஒட்டிய பாதைகளில். அலாஸ்கா நிலையங்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு, நமக்கு இல்லை. இதைக் கருவியின் குறையாக எண்ண வேண்டாம். பூமியின் மறுபக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்பதன் விளைவு இது.

இன்றைய நிலவரம். 2023ல் யாங், சாங் இருவரும் உட்கரு 2009ஐ ஒட்டிக் கவசத்தோடு ஒரே வேகத்துக்கு வந்து, பிறகு பின்வாங்கத் தொடங்கியது, 1970களின் தொடக்கத்திலும் இப்படி ஒரு திருப்பம் இருந்தது, மொத்தச் சுற்று ஏழு பத்தாண்டு என்றார்கள். 2024ல் வெய் வாங், ஜான் விடாலே குழு 1991 முதல் 2023 வரை தெற்கு சாண்ட்விச்சில் மறுபடி மறுபடி வந்த 121 நடுக்கங்களை எடுத்துக்கொண்டது. கனடாவின் யெல்லோநைஃப், அலாஸ்காவின் ஐல்சன் வரிசை நிலையங்களின் (பல கருவிகளைப் பரப்பி வைத்து ஒன்றாகப் பதியும் நிலையங்கள்) பதிவில், பல ஆண்டு இடைவெளிக்குப் பின் அலை வடிவம் பழைய வடிவத்துக்கே திரும்பியிருந்தது. 2003 முதல் 2008 வரை முன்னே போனது, அதன்பின் போன வழியே திரும்புகிறது, அதுவும் போனதைவிட இரண்டு மூன்று மடங்கு மெதுவாக. அதே வடிவம் மீண்டும் வருவதைப் போல வலுவான சான்று இந்தத் துறையில் இதற்கு முன் இல்லை என்பது எங்கள் கருத்து. மாற்றம் சுழற்சியால் அல்ல, உட்கருவின் மேற்பரப்பு வளர்வதாலும் உருமாறுவதாலும்தான் என்று சொல்லும் தரப்பும் உண்டு. 2025ல் விடாலே குழுவே மேற்பரப்பை ஒட்டி உருமாற்றத்தின் தடயமும் தெரிகிறது என்று வெளியிட்டது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

"நின்றது" என்ற செய்தித் தலைப்பை மாணவரிடம் திருத்த வேண்டும். உட்கரு பூமியோடு நாளுக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்செல்லாம் கவசத்தோடு ஒப்பிடும்போது எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதே. ஆண்டுக்கு 0.1 டிகிரி என்றால் உட்கருவின் நடுக்கோட்டில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்.

இதை இயக்குவது எது? உட்கரு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் உறைந்து வளர்கிறது. உறையும்போது வெப்பமும், இரும்போடு சேராமல் மிஞ்சும் இலேசான தனிமங்களும் வெளிக்கருவுக்குள் விடப்படுகின்றன. இலேசானது மேலே எழுகிறது, திரவ இரும்பு புரள்கிறது, பூமியின் சுழற்சி அந்தப் புரளலை முறுக்குகிறது. பூமியின் காந்தப்புலம் பிறப்பது இங்கே. காந்தக் கோடுகள் உட்கருவுக்குள்ளும் ஊடுருவிச் செல்வதால், சுற்றியோடும் திரவம் அந்தக் கோடுகளைப் பற்றி உட்கருவையும் இழுக்கிறது. 1995ல் கிளாட்ஸ்மையர், ராபர்ட்ஸ் செய்த கணினி உருவகம் இப்படித்தான் உட்கரு முந்தும் என்று, பதிவில் காண்பதற்கு முன்பே, காட்டியது. திரவத்தின் பிசுபிசுப்பால் வரும் இழுப்பு இதன்முன் அற்பம்.

எதிர்ப்பக்கம் கவசத்தின் ஈர்ப்பு. கவசத்தில் நிறை எங்கும் ஒரேசீராக இல்லை. அதன் ஈர்ப்புக்கு ஏற்ப உட்கருவின் மேற்பரப்பும் இலேசாக மேடு பள்ளமாக அமைந்திருக்கிறது. உட்கரு விலகித் திரும்பினால் மேடு இடம் தவறும், ஈர்ப்பு அதைப் பழைய இடத்துக்கு இழுக்கும். தேருக்கு வடமும் முட்டுக்கட்டையும் போல என்று வகுப்பில் தொடங்கலாம், ஆனால் அங்கேயே நிறுத்தக் கூடாது. முட்டுக்கட்டை தடுக்க மட்டும் செய்யும். ஈர்ப்பு பின்னாலும் இழுக்கும். அதனால்தான் உட்கரு ஒரே திசையில் ஓடாமல் முன்னும் பின்னுமாக ஆடுகிறது. ஆட்டத்தின் காலம் ஆறு ஆண்டா, எழுபது ஆண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை. பகலிரவின் நீளத்தில் ஆறாண்டுக்கு ஒருமுறை வரும், ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவிலான ஏற்ற இறக்கத்தோடு 2022 ஆய்வு ஒன்று இதைப் பொருத்திப் பார்த்தது. உட்கரு பெறும் கோண உந்தம் (சுழற்சிக்குரிய உந்தம்) கவசத்திடமிருந்து போக வேண்டும் என்பதால் அந்தத் தேடலுக்கு அடிப்படை உறுதியானது.

வாங்கலாமா? ஒரு கல்லூரி ஒன்று வாங்கி மூலையில் வைப்பதற்குப் பதில், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என நான்கு கல்லூரிகள் ஆளுக்கொன்று வாங்கித் தரவைச் சேர்ப்பது எவ்வளவோ மேல். ஒரே அலையை நான்கு பதிவுகளில் நேரம் பொருத்திக் கூட்டினால் தொடர்பில்லாத இரைச்சல் பாதியாகும். நாலு மடங்கு கருவிக்கு இரண்டு மடங்கு தெளிவு. கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1965 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வரிசை நிலையம் செய்வதும் இதே தத்துவம்தான். நேரம் பொருத்தும்போது டி.எஃப். அலைக்கு ஒரு டிகிரி தூரத்துக்கு இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாக நகர்த்த வேண்டும். நான்கு ஊர்களுக்குள் வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் இந்தக் கூட்டலில் மட்டும் கடிகாரம் முக்கியம், நான்கிலும் ஜிபிஎஸ் ஏற்பி இருக்கட்டும்.

பழைய ஆண்டுகளுக்கு ஹைதராபாத், இலங்கையின் பல்லேகலை நிலையங்களின் திறந்த பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவி வாங்குவதற்கு முன் 2014 இகிகே நடுக்கத்தை அந்த இரண்டிலும் எடுத்து, டி.எஃப்., பி.சி. இரண்டையும் குறித்துப் பழகுங்கள். அளவு 8 என்பதால் குழைந்திருக்கும், அதன் பின்னதிர்வுகளில் 6.5ஐ ஒட்டியவை தெளிவாக இருக்கும். அந்தப் பயிற்சி இல்லாமல் பெட்டியைப் பிரித்தால், முதல் மாதம் சுவரில் ஓடும் கோடாக மட்டும் இருந்து பிறகு யாரும் பார்க்காத பொருளாகிவிடும்.

விலையைக் கேட்கும்போது சுங்க வரி, கூரியர் கட்டணம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பலகை மட்டும் வாங்கிச் சிறுகணினி, பெட்டி, கார்டு ஆகியவற்றை இங்கே வாங்கிக்கொண்டால் செலவு குறையும், ஜியோபோன் கம்பியைச் சரியாக இணைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தை ஆர்எஸ்3டிக்கு ஏறுவதில் போடாமல் பேட்டரி, ஜிபிஎஸ் ஏற்பி, பாறைமேல் இரண்டடிக்கு இரண்டடி சிமென்ட் மேடை ஆகிய மூன்றிலும் போடுங்கள்.